பதினாறு மாடிக்குத் தலைமாடு

மாமல்லபுரத்தில் கடலை ஒட்டி உயரமாக எதையும் கட்ட விடமாட்டார்கள். பழைய கோயில்கள் இருக்கின்றன, கடற்கரைச் சட்டம் இருக்கிறது, அதற்குமேல் அனுமதி வாங்க நடந்தே செருப்பு தேய்ந்துவிடும். அதனால் கடல் தெரிகிற ஹோட்டல் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி வந்து, தரையில் இல்லாததை உயரத்தில் பிடிக்கப் பார்ப்பார்கள். செங்கல்பட்டில், ஜிஎஸ்டி சாலை ஓரத்தில், பதினாறு மாடி ஹோட்டல் ஒன்று அப்படித்தான் எழுந்தது. அதை வரைந்தவர்களில் நானும் ஒருத்தி. மேல் மாடியில் நின்றால், மழை பெய்து ஓய்ந்த நாளில், கிழக்கே ஒரு சாம்பல் கோடு தெரியும். அதுதான் கடல் என்று விளம்பரத்தில் போட்டார்கள். அது கடலா மேகமா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

என் பொறுப்பு அறைகள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு உயரமான ஹோட்டல் என்றால் கண்ணாடியும் முகப்பும்தான். வரைகிறவர்களுக்கு அது ஒரே ஒரு அறை. அந்த ஒரு அறையைச் சரியாக வரைந்துவிட்டால், மீதி எல்லாம் அதை அடுக்குகிற வேலை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பெட்டி இழுத்துக்கொண்டு ஒரு ஆள் போக முடிகிறதா, குளியலறைக் கதவு திறந்தால் அலமாரிக் கதவில் இடிக்கிறதா என்று வாரக்கணக்கில் உட்கார்ந்து யோசிப்போம். அதில் நாலு விரற்கடை தப்பு போனால், அந்தத் தப்பு பதினாறு மாடியும் ஏறும்.

அடுக்குவதிலும் ஒரு வழக்கம் உண்டு. ஒரு அறையை வரைந்ததும் பக்கத்து அறையை அப்படியே திருப்பிப் போடுவோம், முகம் பார்க்கிற கண்ணாடியில் தெரிவதைப் போல. அப்போது இரண்டு குளியலறைகள் முதுகோடு முதுகு சேரும். தண்ணீர்க் குழாய்கள் ஒரே சந்தில் இறங்கிவிடும். இந்தப் பக்கக் கட்டிலின் தலைமாடும் அந்தப் பக்கக் கட்டிலின் தலைமாடும் ஒரே சுவரில் முட்டிக்கொள்ளும். அதிலும் லாபம் இருக்கிறது. தூங்குகிறவர் தலைக்குப் பின்னால் தூங்குகிற இன்னொருவர்தான் இருப்பார். டிவி எதிர்ச் சுவரில் போய்விடும். உலகம் முழுவதும் ஹோட்டல் இப்படித்தான் கட்டுகிறார்கள். கணினியில் ஒரு தட்டு தட்டினால் அறை திரும்பிக்கொள்ளும். அதைப் பற்றி யாரும் இரண்டாவது முறை யோசித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் கட்டடம் தெற்கு வடக்காக நீண்டது. நடுவில் நடைவழி, இரண்டு பக்கமும் அறைகள். ஒரு வரிசை கடல் கோட்டைப் பார்க்கும். இன்னொரு வரிசை ரயிலையும் மலையையும் பார்க்கும்.

உரிமையாளர் படாளத்துக்காரர். நிலம் நீச்சு உள்ள குடும்பம். இவர் இளம் வயதில் லாரி வாங்கி, லாரி பல லாரிகளாகி, கடைசியில் இந்த இடத்தில் வந்து நின்றவர். நான் கருங்குழி. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு தூக்கம் போடக்கூட பஸ்ஸில் நேரம் இருக்காது. அது தெரிந்ததும் அவர் என்னை மேடம் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். "நம்ம பக்கத்துப் பொண்ணு" என்று எல்லாரிடமும் சொன்னார். அவர் மனைவி அவ்வளவுகூடப் பேசமாட்டார். வெள்ளிக்கிழமைகளில் சைட்டுக்கு வருவார், வாசலில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றுவார், வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் குங்குமம் கொடுப்பார், போய்விடுவார். அறுபதை நெருங்கின வயது. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

கட்டடம் எழும்புவதற்கு முன்னால் மாதிரி அறை ஒன்று கட்டிப் பார்ப்பது வழக்கம். சைட் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு, அதற்குள் அறையை அசல் அளவில் கட்டினோம். கட்டில், மெத்தை, திரை, விளக்கு எல்லாம் வைத்தோம். ஜன்னலுக்கு வெளியே காட்ட எதுவும் இல்லை, அதனால் நீலத் துணி கட்டினோம். உரிமையாளரின் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். மெத்தையில் உட்கார்ந்து குதித்தார்கள். கக்கூஸில் தண்ணீர் அமுக்கிப் பார்த்தார்கள். "சொம்மா சொல்லக்கூடாது, ஷோக்கா கீது" என்றார் ஒரு பெரியவர்.

அக்கா மட்டும் உள்ளே வராமல் வாசலில் நின்றார். வெளியே வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார்.

"தெக்க தல. நல்லாகீது" என்றார்.

அந்த மாதிரி அறையைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். வாஸ்து என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நல்ல சமையலறைகளை எல்லாம் ஈசானிய மூலை, அக்கினி மூலை என்று சொல்லி நாசமாக்கின மனிதர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அக்கா அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டாரே என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

எட்டாவது மாடி தளம் போட்ட சமயம், கீழே நான்கு மாடிகளில் அறைச் சுவர்கள் எழும்பியிருந்தன. சுவரை வெட்டி ஒயர் பைப்பும் இறக்கியாகிவிட்டது. கட்டில் வருகிற இடத்தைத் தரையில் சிவப்புப் பெயிண்டால் கட்டம் போட்டு, தலைமாட்டுப் பக்கம் ஒரு பெருக்கல் குறி வைப்பார்கள். சுவிட்ச் எங்கே, விளக்கு எங்கே என்று எலக்ட்ரீஷியன் குழம்பாமல் இருப்பதற்காக. அந்த வெள்ளிக்கிழமை அக்கா வாசலோடு போகவில்லை. மேலே பார்க்கவேண்டும் என்று சொல்லி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறி நான்காவது மாடிக்கு வந்துவிட்டார். நான் அங்கேதான் இருந்தேன். அவர் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு அறையில் நின்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யம்மா, இங்க வா. இது இன்னா?"

"கட்டில் வர்ற எடங்க்கா."

"இந்தப் பெருக்கல்?"

"தலமாடு."

"இது எந்தத் தெச?"

நான் ஒரு நிமிடம் யோசிக்கவேண்டியிருந்தது. படத்தில் திசை தெரியும். சிமெண்ட் தூசிக்கு நடுவே நின்றால் சட்டென்று தெரியாது. வடக்கு என்றேன்.

"பக்கத்து ரூமு?"

"தெக்கு."

"அத்துக்குப் பக்கத்துல?"

"வடக்குதான்க்கா. ஒண்ணு விட்டு ஒண்ணு வரும்."

அவர் அந்தச் சிவப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ வர்ற ஜனத்துல பாதிய வடக்க தல வச்சிப் படுக்க வுடப்போறீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. "வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதேன்னு உங்க வூட்ல சொன்னதில்லியா?"

எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். அந்தப் பக்கத்தில் சொல்லாத வீடு கிடையாது. ஆனால் வீட்டில் கேட்ட பேச்சை நான் ஒருநாளும் வேலைக்கு எடுத்துக்கொண்டு போனதில்லை. அதனால் எந்த ஆர்க்கிடெக்டும் சொல்கிற பதிலைச் சொன்னேன்.

"சுவத்துல லைன் எல்லாம் எறக்கியாச்சுக்கா. தலமாடு அந்தச் சுவத்துலதான் வரணும். இனிமே திருப்ப முடியாது."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அங்கியும் இத்தான் சொன்னாங்க" என்றார். கொண்டுவந்த குங்குமத்தை யாருக்கும் கொடுக்காமல் படியிறங்கிப் போனார்.

அங்கே என்றால் எங்கே என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் கழித்து உரிமையாளர் வந்தார். மாதிரி அறைக் கொட்டகைக்குள் என்னைக் கூப்பிட்டு, அந்த மெத்தைமேல் உட்காராமல், ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்திச்சிமா" என்று ஆரம்பித்தார். "காலேஜ் முடிச்சிட்டு வூட்டாண்ட இருந்திச்சி. காச்சல்னு ஆஸ்பத்திரில சேத்தோம். அங்க கட்டிலு வடக்க தல வச்சி போட்டிருந்தாங்க. இவ பாத்துட்டு, கொஞ்சம் திருப்பிப் போடுங்கன்னு கேட்டா. ஆக்சிஜன் பைப்பு அந்தச் சுவத்துல வர்துமா, திருப்ப முடியாதுன்னாங்க. ராவெல்லாம் கேட்டுகினே இருந்தா. காலைல புள்ளைய எழுப்புறா, எழுந்துக்கோ கண்ணு, காபி குடின்னு. எழுந்துக்கல."

பெயிண்ட் டப்பாவைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"காச்சல் மூளைக்கு ஏறிடுச்சின்னு டாக்டருங்க சொன்னாங்க. அத்தான் நெஜம், எனக்கும் தெரியும். நான் லாரிக்காரன்மா, எந்தப் பக்கம் தல வச்சாலும் தூங்கினவன். ஆனா அவளாண்ட யாரு போயி சொல்றது? இப்போ இந்தக் கட்டடத்துல கால் வெக்கமாட்டேன்றா. ஊரான் வூட்டுப் புள்ளைங்கள நாம அப்டிப் படுக்க வெக்கப்போறமான்னு கேக்கறா. நான் இன்னா பதில் சொல்றது, சொல்லு."

சொல்லிவிட்டு ஜன்னலில் கட்டியிருந்த நீலத் துணியைப் பார்த்தார். "அது இருந்தா இப்போ உன் வயசுதான்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இதை ஆரம்பத்திலேயே சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு கோடு மாற்றுகிற வேலை. இப்போது நான்கு மாடிச் சுவரை உடைக்கவேண்டும். கோபம் கொஞ்சம் அடங்கியதும் துக்கமாக இருந்தது. அன்றைக்கு மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன். திருப்ப முடியாது என்று நான் சொன்னபோது அந்த அம்மாள் பார்த்த பார்வை கண்முன்னால் நின்றது.

கட்டில்களை எல்லாம் தெற்குச் சுவருக்கு மாற்றுவது என்று முடிவானது. சொல்வது சுலபம். ஹோட்டலை நடத்தப்போகிறது வேறு ஒரு கம்பெனி. எந்த ஊரில் கட்டினாலும் அறை இப்படித்தான் இருக்கவேண்டும் என்று அவர்களுக்கு விதிகள் உண்டு. அந்தக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். வடநாட்டுக்காரர், நல்ல மனிதர், சட்டை கசங்கி நான் பார்த்ததே இல்லை. எல்லாக் கட்டிலும் தெற்குச் சுவரில் என்றால், ஒவ்வொருவர் தலைக்குப் பின்னாலும் அடுத்த அறையின் டிவி வருமே என்று கேட்டார். அவர் சொன்னது சரி. அந்தப் பக்கம் ஒருவர் படம் பார்த்தால் இந்தப் பக்கம் ஒருவர் தூங்க முடியாது. உரிமையாளர் ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்கிற கதை எனக்கு.

"ஹோட்டலுக்கு வந்து யார் திசை பார்க்கப்போகிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் அவர்.

"இந்தப் பக்கத்தில் எல்லாரும் பார்ப்பார்கள். கல்யாணக் கூட்டம்தான் உங்களுக்கு முதல் வியாபாரம். வடக்கே தலைமாடு இருந்தால் சண்டை எல்லாம் போடமாட்டார்கள். தலையணையைத் தூக்கிக் கால்மாட்டில் போட்டுக்கொண்டு தூங்குவார்கள்" என்றேன்.

அவருக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அவர்களுடைய இன்னொரு ஹோட்டலில், கல்யாணம் நடந்த மறுநாள் காலையில் அறை சுத்தம் செய்யப் போனால் நிறைய அறைகளில் தலையணை கால்மாட்டில் கிடக்குமாம். ராத்திரி குடித்துவிட்டுத் தலைகால் தெரியாமல் படுத்துவிட்டார்கள் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. ஆனால் டிவி சத்தத்துக்கு வழி சொல்லுங்கள் என்று பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார். அந்தப் பெண்ணின் கதையை நான் அவரிடம் சொல்லவில்லை. மேசைமேல் போட்டுப் பேரம் பேசுகிற விஷயமா அது?

வழி அலமாரியில் இருந்தது. அதுவரை அலமாரி வாசலுக்குப் பக்கத்தில் நின்றது. அதை உள்ளே கொண்டுவந்து வடக்குச் சுவர் முழுக்க நிறுத்தி, அதன் முகப்பில் டிவியைப் பொருத்தினேன். இப்போது டிவிக்கும் அடுத்த அறைக்காரரின் தலைக்கும் நடுவில் ஒரு அலமாரி ஆழம், உள்ளே தொங்குகிற துணிமணி, போர்வை, கூடுதல் தலையணை, அப்புறம் சுவர். பார்க்க முன்னைப்போல் அழகில்லை. முன்பு கதவைத் திறந்தால் விசாலமாகத் தெரிந்த அறை இப்போது ஒரு பக்கம் தொப்பை போட்டதுபோல் இருந்தது. கம்பெனிக்காரர் அதைச் சொன்னபோது நான் மறுக்கவில்லை.

சத்தம் கேட்கிறதா என்று பார்க்க, கொட்டகையில் பழைய மாதிரி அறையை ஒட்டி இன்னொரு அறை கட்டினோம். அந்தப் பக்கம் டிவியில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியைச் சத்தமாக வைத்தார்கள். இந்தப் பக்கம் நான் கட்டிலில் படுத்துக் கேட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்படியே தூங்கிவிட்டேன். நான் பிறவித் தூங்குமூஞ்சி. வீட்டில் என்னை எழுப்புவதற்குள் எல்லாருக்கும் தொண்டை கட்டிவிடும். சைட் இன்ஜினியர் வந்து கூப்பிட்டாராம், நான் "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிப் புரண்டு படுத்தேனாம். மறுபடி வந்து கட்டிலைத் தட்டினபோதும் அதையேதான் சொன்னேனாம். கம்பெனிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இதைவிட வேறு சோதனை தேவையில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு நான்கு மாடியிலும் சுவரை உடைத்தார்கள். "வெட்டறது, அடைக்கிறது, மறுபடி வெட்டறது, இதே பொழப்பா போச்சு மேடம்" என்று இன்ஜினியர் என் காதில் விழும்படியே புலம்பினார். தரையில் இருந்த சிவப்புக் கட்டங்களை அழித்து, மஞ்சளில் புதிதாகப் போட்டார்கள். அக்கா அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வரவே இல்லை. மாற்றியாகிவிட்டது என்று உரிமையாளர் சொன்னாராம். அப்படித்தான் சொல்வார்கள் என்றாராம் அக்கா. வெள்ளிக்கிழமைகளில் கற்பூரம் ஏற்ற டிரைவரை அனுப்பிவைத்தார். அது எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. பதினாறு மாடி ஏறி முடித்து, கண்ணாடி மாட்டி, வாசலில் திருஷ்டிப் பொம்மை தொங்கவிட்டும் அவர் வரவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம், ஒரு மதியம், வந்தார். கூட யாரும் இல்லை. வரவேற்புக் கூடத்துப் பளிங்கையும் தொங்கு விளக்கையும் அவர் பார்க்கவே இல்லை. "நாலாவது மாடிக்குப் போலாம்" என்றார். லிஃப்டில் போனோம். நடைவழியில் கம்பளம் போட்டிருந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பூட்டு திறக்கிற அட்டை என்னிடம் இருந்தது. ஒவ்வொரு அறையாகத் திறந்தேன். அவர் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்ப்பார், கட்டிலைப் பார்ப்பார், அடுத்தது என்பார். அந்தப் பக்க வரிசை முழுவதும் முடித்துவிட்டு இந்தப் பக்க வரிசைக்கு வந்தார். அன்றைக்கு அவர் நின்ற அறை வந்ததும் உள்ளே நுழைந்து செருப்பை ஓரமாக வைத்தார். எப்படி அதே அறை என்று கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. எனக்கே எண் பார்த்தால்தான் தெரியும்.

"கொஞ்சம் படேன்" என்றார்.

"நானாக்கா?"

"நீதான். படு, பாக்கணும்."

நான் தூசிச் சட்டையோடு இருந்தேன். விரிப்பு அழுக்காகும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. தெற்கே தலை வைத்துப் படுத்தேன். அவர் கால்மாட்டில் நின்றார். ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு இந்தத் திசைகளில் அன்றைக்கும் நம்பிக்கை இல்லை, இன்றைக்கும் இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வயிற்றின்மேல் வைத்தேன். வைத்ததும் அது சரியில்லை என்று பட்டு, பக்கத்தில் போட்டேன்.

"கண்ண மூடிக்கோ."

மூடிக்கொண்டேன். அவர் கிட்டே வருவது தெரிந்தது. மடித்து வைத்திருந்த போர்வையைப் பிரித்து என் கால்மேல் போட்டார். பிறகு இடுப்புவரை இழுத்துவிட்டார். ஓரத்தைச் செருகினார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. வெளியே ஒரு ரயில் போய் முடிந்தது. எனக்குக் கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது.

"எழுந்துக்கோ கண்ணு" என்றார்.

அந்த வார்த்தை வாயைவிட்டு முழுசாக வருவதற்குள் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.